ரெயில்ஸில் வியூ துண்டுகளை மீளப் பாவிப்பதும் கேஷ் செய்வதும்: புதியவர்களுக்கான வழிகாட்டி

இணையத்தளம் கட்ட உதவும் ரூபி ஒன் ரெயில்ஸைப் பழகுகிறவர்கள் பார்ஷியல் (பக்கத்தின் ஒரு துண்டை வைத்திருக்கும் தனிக் கோப்பு) எழுதும் வரை பெரிய சிக்கலில்லாமல் வந்துவிடுகிறார்கள். கேஷ், அதாவது ஒரு தடவை உருவாக்கியதைச் சேமித்து மறுபடி காட்டும் வசதி, போட்ட பிறகுதான் தலையிடி தொடங்குகிறது. விலையை மாற்றினாலும் பழைய விலையே நிற்கும். தமிழ்ப் பக்கத்தில் சிங்களம் வரும். அட்மினுக்கு மட்டும் இருக்க வேண்டிய "திருத்து" பொத்தான் ஊரெல்லாருக்கும் தெரியும். இவை வெவ்வேறு பிழைகள் போலத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான்: அந்தத் துண்டின் உள்ளடக்கத்தைத் தீர்மானிக்கிற ஏதோ ஒன்று கேஷ் கீயில் (சேமித்ததைத் தேடி எடுக்கும் பெயரில்) சேரவில்லை.

விளக்கத்துக்கு ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கையின் யாழ்ப்பாண மாவட்டத்திலுள்ள சுன்னாகம், திருநெல்வேலி, மருதனார்மடம், கொடிகாமம், சாவகச்சேரி ஆகிய ஐந்து சந்தைகளின் மரக்கறி விலைகளைக் காட்டும் தளம். ஒவ்வொரு சந்தைப் பக்கத்திலும் 120 விலை அட்டைகள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று மொழிகள். விலைகள் விடியப்புறம் மாறும். பார்க்க வருகிறவர்களும் அந்த நேரத்தில்தான் வருவார்கள். மொடல்கள் மூன்று: சந்தை, பொருள், விலை. விலை என்பது ஒரு சந்தைக்கும் ஒரு பொருளுக்கும் உரியது. ரெயில்ஸ் 7.1 அல்லது அதற்குப் பிந்தியது உங்களிடம் இருக்கிறது என்று வைத்தே எழுதுகிறேன்.

1. முதலில் அளவுங்கள், பிறகு பட்டியல் எழுதுங்கள்

கேஷில் கைவைக்க முன் லோக்கை (சேர்வர் எழுதும் பதிவுக் கோப்பை) திறந்து, ஒவ்வொரு கோரிக்கையின் முடிவிலும் வரும் "கம்ப்ளீட்டட்" வரியைப் பாருங்கள். மொத்த நேரம், வியூவுக்கு (பக்கத்தின் எச்டிஎம்எல்லை உருவாக்க) போன நேரம், அக்டிவ் ரெக்கோட்டுக்கு (தரவுத்தளத்துடன் பேச) போன நேரம் மூன்றும் அதில் இருக்கும். 480 மில்லிசெக்கனில் 390 வியூவுக்குப் போகிறது என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவும். 390 தரவுத்தளத்துக்குப் போகிறது என்றால் முதலில் இண்டெக்ஸ் போடுங்கள். ஒவ்வொரு விலைக்கும் தனித்தனியாகப் பொருளைத் தேடிப் போகும் குவெரிகளை இன்க்ளூட்ஸ் கொண்டு ஒன்றாக்குங்கள். மோசமான குவெரியைக் கேஷால் மூடினால், கேஷ் காலியாகும் முதல் காலையிலேயே அது வெளியே வரும்.

டெவலப்மென்ட் மோடில் கிடைக்கும் இலக்கங்களை நம்ப வேண்டாம். கோப்பு மாறியிருக்கிறதா என்று பார்ப்பதிலேயே அங்கு நேரம் போகும். புரொடக்ஷன் லோக்கில் அதே பக்கத்தைப் பத்துத் தடவை திறந்து, முதல் தடவையை விட்டுவிட்டு மற்றவற்றைப் பாருங்கள்.

பிறகு ஒரு தாளை எடுங்கள். ஒரு பக்கத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் நேரே ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். எந்தெந்த ரெக்கோட்டில் இருந்து தகவல் எடுக்கிறது? மொழிக்கு ஏற்ப மாறுமா? பார்க்கிறவர் யார் என்பதற்கு ஏற்ப மாறுமா? திகதிக்கோ நேரத்துக்கோ ஏற்ப மாறுமா? உள்ளே ஃபோம் இருக்கிறதா? இந்தத் தாளை வடிவாக எழுதி முடித்தால் பாதி வேலை முடிந்தது; பின்னால் வரும் எல்லாப் படிகளிலும் இதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கப் போகிறீர்கள்.

2. பக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

விலை அட்டையை ஒரு பார்ஷியலாக்குங்கள். கோப்பின் பெயர் அண்டர்ஸ்கோரில் தொடங்க வேண்டும்; ரெண்டர் செய்யும்போது அந்த அண்டர்ஸ்கோரை எழுதக் கூடாது. புதியவர்கள் அதிகம் தடுக்குப்படும் இடம் இது.

பார்ஷியலுக்குள் அட் குறியுடன் வரும் இன்ஸ்டன்ஸ் வேரியபிளைப் பாவிக்கவே வேண்டாம். தேவையானதெல்லாம் லோக்கல்ஸ் வழியாக உள்ளே வரட்டும். இன்ஸ்டன்ஸ் வேரியபிளை நம்பிய அட்டையை வேறு பக்கத்தில் போட்டால் அங்கே அது வெறுமையாக நிற்கும். அதைவிட மோசமானது, அந்த அட்டை எதையெல்லாம் நம்பியிருக்கிறது என்பது கோப்பைப் பார்த்தால் தெரியாது. தெரியாததைக் கீயில் சேர்க்கவும் முடியாது.

ரெயில்ஸ் 7.1 இலிருந்து இதற்கு நல்ல வசதி ஒன்று உண்டு. பார்ஷியலின் முதல் வரியில் "லோக்கல்ஸ்" என்று தொடங்கும் ஒரு கொமென்டில் அது ஏற்கும் பெயர்களையும் இயல்பு மதிப்புகளையும் எழுதிவிடலாம். கட்டாயமான பெயர் வராவிட்டாலோ, பட்டியலில் இல்லாத பெயர் வந்தாலோ உடனே பிழை காட்டும். ஒவ்வொரு பார்ஷியலிலும் இதை எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறக்கிறவருக்கு அந்த ஒரு வரியே போதும்.

120 அட்டைகளைக் காட்ட, ஈச் லூப்புக்குள் ரெண்டரை 120 தடவை அழைக்காதீர்கள். ரெண்டருக்கு பார்ஷியல் பெயரையும் கொலெக்ஷனையும் ஒன்றாகக் கொடுங்கள். டெம்பிளேட்டை ஒரே தடவை தேடி எடுத்து எல்லாவற்றுக்கும் பாவிக்கும். பார்ஷியலின் பெயர் "விலை" என்றால் உள்ளே "விலை" என்ற லோக்கல் தானாகவே கிடைக்கும்; வேறு பெயர் வேண்டுமென்றால் ஆஸ் என்ற ஒப்ஷன் இருக்கிறது. வரிசை எண் வேண்டுமென்றால் பார்ஷியல் பெயருடன் கவுண்டர் சேர்ந்த லோக்கலும் வரும். ஆனால் கேஷ் செய்யப்போகும் அட்டைக்குள் அந்த எண்ணைத் தொடாதீர்கள்: வரிசை மாறினாலும் கேஷில் பழைய எண்ணே இருக்கும்.

எவ்வளவு சிறிதாகப் பிரிப்பது? இரண்டு இடங்களில் வருவதும், தனியாக மாறுவதும் தனித் துண்டாகட்டும். ஒரு பொத்தானுக்கு ஒரு பார்ஷியல் என்று போனால் ரெண்டர் செலவு கூடிவிடும்.

3. பார்ஷியலா, வியூ கொம்போனன்டா?

கிட்ஹப் நிறுவனத்தார் உருவாக்கிய வியூ கொம்போனன்ட் என்ற ஜெம் இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு ரூபி கிளாஸ், அதனுடன் ஒரு டெம்பிளேட். தனியாக டெஸ்ட் எழுதலாம் என்பது அதன் பெரிய பலன். அட்டைக்குள் இஃப் எல்ஸ் கூடிக்கொண்டே போகிறது என்றால் அதற்கு மாறலாம். தொடங்குகிறவர்களுக்குப் பார்ஷியல் போதும் என்பதே என் கருத்து.

மாறுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு மாறுங்கள். பார்ஷியலைத் திருத்தினால் அதைச் சுற்றியுள்ள கேஷ் தானாகவே செல்லாமற் போகும். கொம்போனன்டின் கோப்பைத் திருத்தினால் அப்படி நடக்காது. ரெயில்ஸின் டெம்பிளேட் டைஜஸ்ட் (டெம்பிளேட்டின் உள்ளடக்கத்தில் இருந்து கணிக்கும் அடையாளம்) அந்தக் கோப்புகளைப் பின்தொடர்வதில்லை. கீயில் "அட்டை-வி3" என்பது போல ஒரு பதிப்பு எண்ணைச் சேர்த்து, திருத்தும்போதெல்லாம் கையால் கூட்ட வேண்டும்.

4. உங்கள் கணினியில் கேஷை இயக்குங்கள்

டெவலப்மென்டில் கேஷ் இயல்பாக அணைந்திருக்கும். "கேஷ் போட்டேன், ஒன்றும் மாறவில்லை" என்று மினக்கெடுகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். டேர்மினலில் ரெயில்ஸ் கட்டளையுடன் "டெவ்", முக்காற்புள்ளி, "கேஷ்" என்று கொடுத்தால் இயங்கும். அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் அணையும். டிஎம்பி ஃபோல்டரில் கேஷிங் டெவ் என்ற வெற்று டெக்ஸ்ட் கோப்பு ஒன்று வந்து போகும். அது இருந்தால் கேஷ் இயங்குகிறது என்று அர்த்தம். கட்டளைக்குப் பின் சேர்வரை நிறுத்தித் தொடங்குவது நல்லது.

கூடவே கொன்ஃபிக்கில் அக்ஷன் கொன்ரோலரின் "எனேபிள் ஃபிராக்மென்ட் கேஷ் லொகிங்" என்பதை ட்ரூ ஆக்குங்கள். எந்தக் கீ வாசிக்கப்பட்டது, எது எழுதப்பட்டது என்று லோக்கில் வரும். இது இல்லாமல் அடுத்த படிகளைச் செய்வது இருட்டில் ஊசி தேடுகிற வேலை.

5. முதல் துண்டைக் கேஷ் செய்யுங்கள்

விலை அட்டையின் பார்ஷியலைத் திறந்து, கேஷ் என்ற ஹெல்பருக்கு விலை ரெக்கோட்டைக் கொடுத்து, அட்டை முழுவதையும் அதன் டூ, எண்ட் பிளொக்குக்குள் வையுங்கள். ரெயில்ஸ் தானாகவே ஒரு கீ கட்டும். டெம்பிளேட்டின் பெயர், அந்த டெம்பிளேட்டின் உள்ளடக்கத்தில் இருந்து கணித்த டைஜஸ்ட், ரெக்கோட்டின் பெயரும் ஐடியும் அதில் இருக்கும். ரெக்கோட்டின் அப்டேற்டட் அட் நேரம் பதிப்பு எண்ணாகக் கூடவே சேமிக்கப்படும். விலை மாறினால் நேரம் மாறும், பதிப்பு பொருந்தாது, பிளொக் மறுபடி ஓடும், அதே கீயில் புதியது எழுதப்படும். பழையதைத் தேடி அழிக்கும் வேலை உங்களுக்கு இல்லை.

இங்கே கவனிக்க நான்கு விடயங்கள்.

கேஷில் கிடைத்தால் பிளொக்குக்குள் இருப்பது எதுவும் ஓடாது. அதற்குள் கொன்டென்ட் ஃபோர் கொண்டு பக்கத்தின் தலைப்பையோ ஜாவாஸ்கிரிப்டையோ வைத்திருந்தால் முதல் தடவை வரும், இரண்டாம் தடவை காணாமற் போகும். அவற்றைப் பிளொக்குக்கு வெளியே எடுங்கள்.

பார்ஷியலின் பெயரை நேரடியாக எழுதியிருந்தால்தான் டைஜஸ்ட் அதைக் கண்டுபிடிக்கும். பெயர் ஒரு வேரியபிளுக்குள் இருந்தால் ரெயில்ஸுக்குத் தெரியாது. அப்படியான இடத்தில் "டெம்பிளேட் டிபெண்டன்சி" என்ற கொமென்டை எழுதி, எந்தப் பார்ஷியல் என்று சொல்லுங்கள்.

ஹெல்பர் மெதட்டை மாற்றினால் டைஜஸ்ட் மாறாது. "ரூ. 450" என்று காட்டிய ஹெல்பரை "450 ரூபா" என்று மாற்றிவிட்டு டிப்ளோய் செய்தால் பாதி அட்டைகள் பழைய மாதிரியும் பாதி புதிய மாதிரியும் நிற்கும். அட்டையின் டெம்பிளேட்டில் ஒரு கொமென்டையாவது மாற்றுங்கள்; டைஜஸ்ட் மாறிவிடும்.

கொன்ரோலரில் விலைகளை எடுக்கும் குவெரியைச் சோம்பலாகவே, அதாவது தேவைப்படும்போது மட்டும் ஓடும்படி, விடுங்கள். டு ஏ, லோட் போன்றவற்றை அங்கே அழைத்தால், பக்கம் முழுவதும் கேஷில் இருந்தாலும் குவெரி ஓடித்தான் தீரும். கேஷ் பிளொக்குக்கு மேலே "விலை ஏதும் இருக்கிறதா" என்று எனி கொண்டு கேட்பதும் ஒரு குவெரிதான்.

6. கீயில் சேர்க்க வேண்டியதைச் சேருங்கள்

அதிகமானோர் அடிபடும் இடம் இது. முதலாம் படியில் எழுதிய தாளை முன்னால் வையுங்கள்.

மொழி. கேஷ் கீயில் மொழி தானாகச் சேராது. காலையில் முதலாவதாகப் பக்கத்தைத் திறந்தவர் சிங்களத்தில் பார்த்தால், விலை அடுத்து மாறும் வரை எல்லோருக்கும் சிங்களம்தான். டெவலப்மென்டில் ஒரே மொழியில் பார்த்துக்கொண்டிருப்பதால் இது பிடிபடாது. ஒவ்வொரு கேஷ் வரியிலும் மொழியைச் சேர்க்கலாம், ஆனால் ஓரிடத்தில் மறந்தால் போதும். அப்ளிகேஷன் கொன்ரோலரில் "ஃபிராக்மென்ட் கேஷ் கீ" என்ற கிளாஸ் மெதட்டுக்கு ஒரு பிளொக் கொடுத்து, அதற்குள் இப்போதைய லொகேலைத் திருப்பி அனுப்புங்கள். அதன்பின் எல்லாத் துண்டுகளின் கீயிலும் மொழி முன்னொட்டாகச் சேரும். எமது நாட்டில் அரச, பொதுச் சேவைத் தளங்கள் மூன்று மொழியிலும் இயங்க வேண்டியிருப்பதால், கேஷ் போடுகிற முதல் நாளே இந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள்.

பார்க்கிறவர். அட்டைக்குள் "அட்மின் என்றால் திருத்து பொத்தான்" என்று இருந்தால் இரண்டு வழி உண்டு. கீயில் பாத்திரத்தைச் சேர்க்கலாம்: அட்மின், வியாபாரி, பொதுமக்கள் என மூன்று பிரதிகள். அல்லது பொத்தானை அட்டைக்கு வெளியே எடுக்கலாம். இரண்டாவதே நல்லது. பயனரின் ஐடியைக் கீயில் போடாதீர்கள். ஆளுக்கொரு பிரதி உருவாகி, கேஷ் ஒருவருக்கும் பயன்படாமல் இடத்தை மட்டும் நிரப்பும். பெயர், தொலைபேசி எண், நிலுவைத் தொகை போன்ற தனிப்பட்ட தகவல் இருக்கும் துண்டைக் கேஷ் செய்யவே வேண்டாம். பழைய விலை தெரிந்தால் மன்னிப்புக் கேட்கலாம். ஒருவரின் தொலைபேசி எண் இன்னொருவருக்குப் போனால் அதைத் திருப்பி எடுக்க முடியாது.

ஃபோம். தகவலை மாற்றும் (கெட் அல்லாத) ஃபோம்களுக்குள் மறைவாக ஒரு பாதுகாப்பு டோக்கன் இருக்கிறது. அது பார்க்கிறவரின் செஷனுக்கு உரியது. ஃபோம் வித், பட்டன் டு இரண்டையும் கேஷுக்குள் வைத்தால் முதல் ஆளின் டோக்கன் எல்லோருக்கும் போகும். மற்றவர்கள் பொத்தானை அமுக்கும்போது 422 பிழை வரலாம். "எனக்கு வேலை செய்கிறது, மற்றவர்களுக்கு இல்லை" என்ற முறைப்பாடு வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

திகதி. ரெயில்ஸின் இயல்பான நேர வலயம் யுடிசி (உலகப் பொது நேரம்). நாங்கள் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறோம். அதனால் யுடிசி கணக்கில் புதிய நாள் எங்களுக்குக் காலை 5.30க்குத்தான் பிறக்கும். விடியப்புறம் 4 மணிக்குச் சந்தை விலையைப் பதிவு செய்தால் "இன்றைய விலை" என்பதன் கீழ் அது வராது, அல்லது நேற்றைய திகதியுடன் வரும். கொன்ஃபிக்கில் நேர வலயத்தை ஏஷியா கொழும்பு என்று மாற்றுங்கள். டேட் டுடே என்பதை விட்டு டேட் கரண்ட் என்பதைப் பாவியுங்கள். "இன்று" என்ற சொல் துண்டுக்குள் இருந்தால் அந்தத் திகதி கீயிலும் இருக்க வேண்டும். அப்போது நாளுக்கொரு புதிய கீ உருவாவதால் எக்ஸ்பயர்ஸ் இன் கொண்டு இரண்டு நாள் ஆயுளும் கொடுங்கள். "5 நிமிடங்களுக்கு முன்" போன்ற சொற்றொடரைக் கேஷுக்குள் வைக்காதீர்கள். சரியான நேரத்தை எச்டிஎம்எல் டைம் டேக்கில் எழுதி, "எவ்வளவு நேரத்துக்கு முன்" என்பதைப் பிரவுசரில் கணியுங்கள். கனடாவிலும் லண்டனிலும் இருந்து பார்ப்பவர்களுக்கும் அது சரியாகவே இருக்கும்.

படத்தின் முகவரி. அக்டிவ் ஸ்டோரேஜில் இருந்து சேமிப்பகத்தின் நேரடி முகவரியைக் கேட்டு எடுத்தால் அது இயல்பாக 5 நிமிடத்தில் காலாவதியாகும். அதைக் கேஷ் செய்தால் ஆறாவது நிமிடத்தில் படமெல்லாம் உடைந்து நிற்கும். யுஆர்எல் ஃபோர் தரும் முகவரி ரெயில்ஸ் வழியாகத் திருப்பி அனுப்புவது, அது காலாவதியாகாது. அதையே பாவியுங்கள்.

7. அடுக்கடுக்காகக் கேஷ் செய்யுங்கள், டச்சை மறக்காதீர்கள்

அட்டைகள் தனித்தனியாகக் கேஷ் ஆன பிறகு, சந்தைப் பக்கத்தின் பட்டியல் முழுவதையும் சந்தை ரெக்கோட்டைக் கொடுத்து இன்னொரு கேஷுக்குள் வைக்கலாம். ஒன்றும் மாறாதபோது ஒரே வாசிப்பில் பக்கம் வரும். ஒரு விலை மட்டும் மாறினால் வெளி அடுக்கும் அந்த ஒரு அட்டையும் மட்டும் மறுபடி உருவாகும். மற்ற 119 அட்டைகள் கேஷில் இருந்தே வரும்.

இதற்கு விலை மாறும்போது சந்தையின் அப்டேற்டட் அட் நேரமும் மாற வேண்டும். விலை மொடலில் சந்தைக்கான பிலோங்ஸ் டு வரியில் டச் ட்ரூ என்று சேர்த்தால் அது நடக்கும். சேர்க்காவிட்டால் உள்ளே இருக்கும் அட்டை புதிதாகத் தயாராக இருந்தும் வெளி அடுக்கு பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

டச் பிள்ளையிடமிருந்து தாய்க்கு மட்டுமே போகும். பிழையாக எழுதியிருந்த ஒரு பொருளின் பெயரை அட்மின் திருத்துகிறார் என்று வையுங்கள். பொருள் மாறியது, விலை ரெக்கோட் மாறவில்லை, அட்டையில் பழைய பெயரே நிற்கும். இதற்கு அட்டையின் கீயில் விலை, பொருள் இரண்டையும் ஒரு அரேயாகக் கொடுங்கள். அதுவும் போதாது. வெளி அடுக்குக்குப் பொருளைத் தெரியாது. எனவே பொருளின் அப்டேற் கொமிட் கோல்பெக்கில் அந்தப் பொருள் விற்கும் சந்தைகளை எடுத்து டச் ஓல் செய்யுங்கள். பொருளின் பெயர் வருடத்துக்கு ஒரு தடவை மாறினாலே அதிகம் என்பதால் இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

கோல்பெக் ஓடாத வழிகளையும் கவனியுங்கள். அப்டேற் ஓல் என்பது அப்டேற்டட் அட் நேரத்தை மாற்றாது, டச்சும் ஓடாது. அப்டேற் கொலமும் டிலீட் ஓலும் அதே மாதிரித்தான். இன்சேர்ட் ஓல், அப்சேர்ட் ஓல் இரண்டும் கோல்பெக்கைத் தாண்டிப் போகும். தரவுத்தளத்துக்குள் நேரே போய் எஸ்கியூஎல் எழுதினாலும் அப்படியே. இவற்றைப் பாவிக்க வேண்டி வந்தால் நேரத்தை நீங்களே எழுதி, பிறகு சந்தையை நீங்களே டச் செய்யுங்கள்.

மறுபக்கமும் உண்டு. காலையில் 120 விலைகளை ஒரு கோப்பில் இருந்து ஒவ்வொன்றாகச் சேமித்தால் சந்தை திரும்பத் திரும்ப டச் ஆகும். இடையில் வருகிற ஒவ்வொரு பார்வையாளரும் வெளி அடுக்கை மறுபடி கட்ட வைப்பார். இறக்குமதியைச் சந்தை மொடலின் நோ டச்சிங் பிளொக்குக்குள் வைத்து, முடிந்ததும் ஒரே ஒரு தடவை டச் செய்யுங்கள்.

8. கொலெக்ஷனை ஒரே தடவையில் வாசியுங்கள்

120 அட்டைகளுக்கு 120 தடவை கேஷிடம் போவது வீண். ரெண்டரில் கொலெக்ஷனுடன் கேஷ்ட் ட்ரூ என்று சேர்த்தால் எல்லாக் கீகளையும் ஒன்றாகக் கேட்டு வாங்கும். இல்லாதவற்றை மட்டும் ரெண்டர் செய்யும். லோக்கில் 120க்கு எத்தனை கிடைத்தது என்று வரும். காலை இறக்குமதிக்குப் பின் அது பூச்சியத்தில் தொடங்கி 120க்கு ஏற வேண்டும். ஏறாவிட்டால் கீயில் ஒவ்வொரு தடவையும் மாறுகிற ஏதோ ஒன்று, அநேகமாக நேரம், புகுந்திருக்கிறது.

பொறி ஒன்று: நீங்கள் கொடுக்கும் மற்ற லோக்கல்ஸ் கீயில் சேராது. "பெரிய அட்டை" என்று முகப்பிலும் "சிறிய அட்டை" என்று பக்கப்பட்டியிலும் ஒரே பார்ஷியலைப் பாவித்தால் ஒன்று மற்றதன் இடத்தில் வரும். ட்ரூ என்பதற்குப் பதிலாக ஒரு லாம்டாவைக் கொடுத்து, அதில் அளவு, விலை, பொருள் மூன்றையும் அரேயாகத் திருப்பி அனுப்புங்கள். பொருளைக் கீயில் தொடுவதால் கொன்ரோலரில் அதை இன்க்ளூட்ஸில் சேர்க்க மறக்க வேண்டாம். மறந்தால் கீ கட்டுவதற்கே 120 குவெரி ஓடும்.

9. எங்கே சேமிப்பது, எவ்வளவு செலவு

இடத்தை முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு அட்டையின் எச்டிஎம்எல் 2 கிலோபைட் என்று வைப்போம். 120 அட்டை, 5 சந்தை, 3 மொழி: 1,800 துண்டு, ஏறத்தாழ 3.6 மெகாபைட். வெளி அடுக்குகளும் அதே அட்டைகளைத் தமக்குள் இன்னொரு பிரதியாக வைத்திருப்பதால் இன்னும் அவ்வளவு. மொத்தம் 8 மெகாபைட்டுக்குள். இதற்காக மாதாமாதம் டொலரில் காசு கட்டித் தனி ரெடிஸ் (தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் மென்பொருள்) சேர்வர் எடுக்கத் தேவையில்லை. கார்டில் டொலராகப் போகும் பணம் ரூபாயின் மதிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மெமரி ஸ்டோர்: செலவில்லை, இயல்பான எல்லை 32 மெகாபைட். ரெயில்ஸை ஓட்டும் சேர்வரான பியூமாவின் ஒவ்வொரு புரொசெஸுக்கும் தனித்தனி. இரண்டு வேர்க்கர் ஓடினால் இரண்டும் தனித்தனியாக நிரம்பும். ஒன்றில் அழித்தது மற்றதில் அழியாது. மறுதொடக்கத்தில் எல்லாம் போய்விடும்.

ஃபைல் ஸ்டோர்: கொன்ஃபிக்கில் ஒன்றும் எழுதாவிட்டால் பழைய பதிப்புகள் புரொடக்ஷனில் பாவிப்பது இதைத்தான். இதற்கு அளவு எல்லை இல்லை. டிஸ்க் நிரம்பும் வரை வளரும். நிரம்பினால் தரவுத்தளமும் சேர்ந்து நின்றுவிடும். ஒழுங்காகத் துப்புரவாக்கும் வேலை ஒன்றை நேரம் குறித்து ஓட்டாமல் இதைப் பாவிக்க வேண்டாம்.

சொலிட் கேஷ்: ரெயில்ஸ் 8 இல் புதிய தளங்களுக்கு இயல்பாக வருவது. தரவுத்தளத்திலேயே சேமிக்கும். உருவாகும் கொன்ஃபிக் கோப்பில் எல்லை 256 மெகாபைட். எங்கள் 8 மெகாபைட்டுக்குத் தாராளம். ரெடிஸை விடச் சற்று மெதுவானது, ஆனால் தனியாகப் பராமரிக்க ஒன்றுமில்லை. சிறிய தளத்துக்கு இதையே சொல்வேன்.

ரெடிஸ்: பல அப்ளிகேஷன் சேர்வர்கள் ஓடும்போது எடுங்கள். அதன் நினைவகக் கொள்கை இயல்பாக "நோ எவிக்ஷன்". நிரம்பியதும் புதிதாக எழுத மறுக்கும்; ரெயில்ஸ் அந்தப் பிழையை விழுங்கிவிட்டுத் தொடர்வதால், பார்க்கிறவர்களுக்குத் தளம் மெதுவாவதைத் தவிர வேறு அடையாளம் தெரியாது. கேஷுக்கு "ஓல் கீஸ் எல்ஆர்யூ" (நெடுநேரம் பாவிக்காததை அழித்து இடம் எடுப்பது) என்று மாற்றுங்கள். சைட்கிக் போன்ற பின்னணி வேலைகளுக்கும் அதே ரெடிஸைப் பாவித்தால் இந்த மாற்றம் வேலைகளையே தூக்கி எறியும். ஆகவே இரண்டுக்கும் இரண்டு ரெடிஸ்.

எதை எடுத்தாலும் கேஷ் சேர்வர் அப்ளிகேஷன் சேர்வர் இருக்கும் அதே டேட்டா சென்டரில் இருக்க வேண்டும். அப்ளிகேஷன் சிங்கப்பூரிலும் கேஷ் மும்பையிலும் இருந்தால் ஒவ்வொரு வாசிப்பும் கடல் தாண்டிப் போய் வரும். கேஷ் இல்லாமலே கெதியாக இருந்திருக்கும்.

10. எப்போது டிப்ளோய் செய்வது

அட்டையின் டெம்பிளேட் மாறினால் டைஜஸ்ட் மாறும், 1,800 துண்டும் புதிதாக உருவாக வேண்டும். இதைக் காலை ஆறு மணிக்குச் செய்யாதீர்கள். மத்தியானம் கழித்து, ஆட்கள் குறைந்த நேரத்தில் செய்யுங்கள். முடிந்ததும் ஐந்து சந்தைப் பக்கங்களையும் மூன்று மொழியிலும் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் மூலம் திறந்து விடுங்கள்; 15 கோரிக்கைகள்தான். காலை விலை இறக்குமதிக்குப் பின்பும் அதே ஸ்கிரிப்டை ஓட்டலாம்.

பலர் ஒரே நேரத்தில் வரும்போது, ஆயுள் குறித்த ஒரு துண்டு காலாவதியானால் எல்லாக் கோரிக்கைகளும் அதை ஒன்றாகக் கட்டத் தொடங்கும். ரெயில்ஸ் கேஷ் ஃபெட்ச்சில் (கேஷில் இருந்தால் எடுத்து, இல்லாவிட்டால் கணித்து எழுதும் மெதட்) "ரேஸ் கண்டிஷன் டிடிஎல்" 10 செக்கன் என்று கொடுத்தால் ஒருவர் புதிதாகக் கட்டும்போது மற்றவர்களுக்குப் பழையது போகும். ஃபெட்ச்சைப் பாவிக்கும்போது அக்டிவ் ரெக்கோட் ஒப்ஜெக்ட்களைச் சேமிக்காதீர்கள். ஐடிகளையோ வெறும் எண்களையோ சேமியுங்கள். மொடலில் ஒரு கொலம் கூடினால் பழைய ஒப்ஜெக்ட்களால் பிழை வரும்.

11. பழையது தெரிந்தால் தேடும் முறை

கொன்சோலைத் திறந்து அந்த விலையைக் கையால் டச் செய்துவிட்டுப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். சரியாக வந்தால் டேட்டா மாறிய வழியில் டச் ஓடவில்லை: ஏழாம் படிக்குப் போங்கள். அப்போதும் பழையது என்றால் சந்தையை டச் செய்யுங்கள். அதில் சரியானால் பிலோங்ஸ் டு வரியில் டச் இல்லை. இரண்டுக்கும் அசையாவிட்டால் கீயில் ஏதோ குறைகிறது, அல்லது ரெயில்ஸுக்கு வெளியே, சிடிஎன்னிலோ (பக்கங்களின் பிரதிகளை வைத்திருந்து வழங்கும் இடைச் சேர்வர்கள்) பிரவுசரிலோ, இன்னொரு கேஷ் இருக்கிறது. தனிப்பட்ட விண்டோவில் திறந்து பார்த்தால் பிரவுசரா என்பது தெரியும்.

ரெயில்ஸ் கேஷ் கிளியர் கொடுத்துப் பிரச்சினையைத் தீர்க்கிற பழக்கம் வேண்டாம். காரணம் அப்படியே இருக்கும், நாளைக்கும் வரும். ரெடிஸில் நேம்ஸ்பேஸ் கொடுக்காமல் இதை ஓட்டினால் அந்த ரெடிஸ் தரவுத்தளம் முழுவதும் அழியும். அங்கே பின்னணி வேலைகள் காத்திருந்தால் அவையும் போகும்.

கடைசியாக ஒரு டெஸ்ட் எழுதுங்கள். டெஸ்ட் சூழலில் கேஷ் அணைந்திருக்கும், ஸ்டோரும் எதையும் சேமிக்காத "நல் ஸ்டோர்" ஆக இருக்கும். அந்த டெஸ்டுக்கு மட்டும் கேஷை இயக்கி மெமரி ஸ்டோரைக் கொடுங்கள். ஒரே சந்தைப் பக்கத்தை முதலில் அட்மினாகச் சிங்களத்தில் திறக்கவும். பிறகு லொக்அவுட் செய்து, அதே சிங்களப் பக்கத்தில் திருத்து பொத்தான் இல்லை என்றும், தமிழில் திறந்து சிங்களச் சொல் இல்லை என்றும் சரிபார்க்கவும். பொருளின் பெயரை மாற்றி மறுபடி திறந்து, புதிய பெயர் வந்ததா என்று பார்க்கவும். திறக்கும் வரிசை முக்கியம்: அட்மின் முதலில், பொதுமக்கள் பிறகு. மாறி எழுதினால் கசிவு இருந்தாலும் டெஸ்ட் பாஸ் ஆகிவிடும்.